‘டை ஃப்ளா’ – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படையினர் இடது மேற்கையில் அணிந்த கேடயச் சின்னங்கள் (நார்விக் 1940, கோல்ம், கிரிமியா 1941–42, தெம்யான்ஸ்க், குபான் 1943) பற்றிய கட்டுரைக்கு ஒரு சொல் தேவை. இவற்றில் பெரும்பாலானவற்றில் செய்தவர் முத்திரை இருக்காது. தகட்டை அழுத்திய எஃகு அச்சில் விரிசலோ சில்லோ விழுந்துவிட்டால், பிறகு அதில் அடித்த ஒவ்வொரு கேடயத்திலும் அதே இடத்தில் அது பதியும், இதுவே ‘டை ஃப்ளா’. அதை ஒப்பிட்டே லூடன்ஷைட் டாய்மர், பெர்லின் யுங்கர் என்று பட்டறையைப் பிரித்தறிகிறோம். ‘அச்சுப்பிழை’ என்றால் புத்தகப் பிழையாகிவிடும். ‘அச்சுவடு’ சரிவருமா?

---

ஐயா, ‘அச்சுவடு’ வேண்டாம். அ + சுவடு, அதாவது ‘அந்தச் சுவடு’ என்றே வாசிப்பவர் பிரிப்பார்.

பொருளும் முழுதாக வரவில்லை. அச்சின் விரிசலுக்குள் உலோகம் பிதுங்குவதால் கேடயத்தில் அது மேட்டுக்கோடாக எழும். உடுத்திக் கழித்ததில் விழுந்த கீறலோ பள்ளம். 10 மடங்கு லென்ஸில், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் நிழல் விழும் பக்கமே எது மேடு, எது பள்ளம் என்று காட்டிவிடும். தோலில் தடித்து நிற்பது தழும்பு. ஆகவே எஃகில் இருப்பது ‘அச்சு விரிசல்’, கேடயத்தில் இருப்பது ‘அச்சுத்தழும்பு’.

---

அச்சுத்தழும்பு நன்றாக இருக்கிறது, என் வாக்கு அதற்கே. விளக்கக் குறிப்பில் இரண்டு எச்சரிக்கைகள் சேர வேண்டும்.

அசலிலிருந்து வார்த்தெடுத்த போலியிலும் தழும்பு வந்துவிடும். ஆனால் அதன் விளிம்பு மழுங்கியிருக்கும், எழுத்துகளைச் சுற்றி ஊசிமுனைக் குழிகள் தெரியும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும், 60 மி.மீ. நீளத்தில் ஒரு விழுக்காடு என்றாலே 0.6 மி.மீ. குறையும், வெர்னியரில் பிடித்துவிடலாம். அடித்த தகட்டின் பின்புறத்தில் முன்புறக் கோலம் குழிந்து தெரிய வேண்டும். அதைப் பார்க்க, துணிக்குப் பின்னாலுள்ள பின்தகட்டின் மேல் மடித்த கேடயத்தின் பற்களை நிமிர்த்தாதீர்கள், துத்தநாகப் பற்கள் ஒடிந்துவிடும்.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் முக்கியம். தழும்பு சொல்வது அச்சை மட்டுமே, ஆண்டை அல்ல. வியன்னாவின் சூவால் பட்டறை போருக்குப் பின்னும் சின்னங்கள் அடித்தது. அடிக்க அடிக்க விரிசல் நீளும் என்பதால், நீண்ட தழும்புள்ள துண்டு பிந்தையது என்று வரிசைப்படுத்தலாம். ஆனால் 1945க்கு முன்னா பின்னா என்பதைத் துணி, பின்தகடு, இடையில் வைத்த காகிதம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும். புற ஊதா விளக்கில் காகிதமோ நூலோ நீலவெண்மையாகப் பளிச்சிட்டால் அது பெரும்பாலும் போருக்குப் பிந்தையது, வாங்காதீர்கள்.

அப்படிப் பின்னாளில் பழைய அச்சிலேயே அடித்ததை ‘ரீஸ்டிரைக்’ என்கிறார்கள். ‘மறுபதிப்பு’ நூலுக்குப் போய்விட்டது. ‘பின்னடிப்பு’ என்று வைக்கலாமா?