காந்தத் துகள் ஊசி: மாமாவின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

"காந்தத் துகளை ஊசியில் ஏற்றி, வெளியிலிருந்து காந்தத்தால் இழுத்தால் கேன்சர் கட்டி கரைந்துவிடுமாமே, உன் ஆராய்ச்சியும் அதுதானே?" என்று மாமா போன வாரம் குழுவில் கேட்டிருந்தார். உடம்பு சரியில்லாத அவருடைய நண்பருக்காகக் கேட்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. தனிமடலிலும் இரண்டு பேர் கேட்டதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் துகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வகை இரும்பு உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தண்ணீரில் கரைப்போம். காற்று படாமலிருக்க நைட்ரஜனைக் குமிழ் குமிழாக விட்டுக்கொண்டே அம்மோனியாவை ஊற்றினால், பழுப்பு மஞ்சளாக இருந்த கரைசல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைக்கறுப்பாக மாறும். அந்தக் கறுப்புதான் மேக்னடைட், காந்தம் இழுக்கிற ஒரு வகை இரும்பு ஆக்சைடு. குடுவையின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தால் கறுப்பு முழுக்க அந்தச் சுவரில் போய் அப்பிக்கொள்ளும், தண்ணீர் தெளிந்துவிடும். காந்தத்தை எடுத்துவிட்டுக் குலுக்கினால் மறுபடி மை மாதிரி கலந்துவிடும். எட்டு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

குலுக்கினால் மறுபடி கலக்கிறது, பாருங்கள், அதை நம்பித்தான் இந்தத் துறையே இருக்கிறது. தையல் ஊசியைக் காந்தத்தில் தேய்த்து எடுத்தால் அதற்குப் பிறகும் அது கொஞ்சம் காந்தமாகவே இருக்கும். ஆனால் மேக்னடைட் துகள் 10, 15 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்குச் சிறுத்துவிட்டால், சாதாரண வெப்பமே அதன் காந்தத் திசையை ஓயாமல் புரட்டிக்கொண்டிருக்கும். வெளியே இருக்கும் காந்தம் விலகியதும் துகளின் காந்தமும் அடங்கிவிடும். அப்படி அடங்காவிட்டால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துத் திரண்டு இரத்தக் குழாயை அடைத்துவிடும். அதற்கு மேலும் பாதுகாப்பாக டெக்ஸ்ட்ரான் போன்ற சர்க்கரைச் சங்கிலியால் மேற்பூச்சு கொடுப்போம். என் வேலை இந்தப் பூச்சில்தான்.

சரி, கேன்சருக்கு வருவோம். துகளைச் சூடாக்கிக் கட்டியை அழிக்கலாம் என்ற யோசனை 1957-லேயே வந்துவிட்டது. கில்கிறிஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதைச் சோதித்து எழுதினார்கள். பெர்லினில் ஆண்ட்ரியாஸ் யோர்டான் பல வருடம் உழைத்து அதை மருத்துவமனை வரை கொண்டுவந்தார். 2010-ல் ஐரோப்பாவில் மூளைக் கட்டிக்கு அனுமதி கிடைத்தது. அந்தச் சிகிச்சையில் துகளைக் காந்தத்தால் இழுப்பதில்லை. கட்டிக்குள்ளேயே நேராக ஊசியால் ஏற்றிவிட்டு, நொடிக்கு 1 லட்சம் முறை திசை மாறும் காந்தப் புலத்தில் நோயாளியைப் படுக்க வைப்பார்கள். கட்டி உள்ளிருந்தே சூடாகும். அதுவும் கதிர்வீச்சு சிகிச்சையோடு சேர்த்துத்தான். பல்லில் உலோக அடைப்பு இருந்தால் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அதுவும் சூடாகிவிடும்.

கட்டிக்குள் ஏற்றாமல் கை நரம்பில் ஏற்றினால் என்ன ஆகும்? பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். இரும்புதானே, உடம்பு அதை மெல்லக் கரைத்து இரத்தத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. வெளிக்காந்தத்தின் இழுவை தூரம் கூடக்கூட மளமளவென்று குறையும். ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு அது எட்டாது. மாமா, உங்கள் நண்பர் இதற்காகக் காத்திருந்து, நடக்கிற சிகிச்சையை நிறுத்திவிட வேண்டாம். தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்.

இந்தத் துகள்கள் ஏற்கனவே எத்தனையோ பேருக்கு உதவிக்கொண்டிருக்கின்றன. கொரோனா பரிசோதனையில் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியிலிருந்து வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கப் பல ஆய்வகங்களில் காந்த மணிகளைத்தான் (இப்படிப்பட்ட துகள்கள் அடங்கிய நுண்ணிய உருண்டைகள்) பயன்படுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் அக்குளில் எந்த நிணநீர் முடிச்சுக்கு முதலில் பரவும் என்று கண்டுபிடிக்க, கதிரியக்கப் பொருளுக்குப் பதிலாக இரும்புத் துகளை வைத்தே பார்க்க 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கதிரியக்க வசதி இல்லாத மருத்துவமனைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. நம் குடும்பங்களில் சிறுநீரகக் கோளாறோடு இரத்தசோகையும் இருப்பவர்கள் ஃபெருமாக்ஸிடால் என்ற இரும்பு மருந்தை நரம்பில் ஏற்றிக்கொண்டிருக்கலாம். அதுவும் இதே வகைத் துகள்தான். ஏற்றிக்கொண்ட 3 மாதத்துக்குள் எம்ஆர்ஐ எடுக்கப் போனால் அங்கே மறக்காமல் சொல்லிவிடுங்கள். உடம்பில் மிச்சமிருக்கும் இரும்பு படத்தை மாற்றிக் காட்டக்கூடும்.