பிட்காயின்ல லாபம், ஈதர்ல நட்டம்: வரி எதுக்கு?

கேள்வி: 1 லட்சத்துக்கு வாங்கின பிட்காயினை 1,20,000க்கு வித்தாச்சு. ஈதர்ல (இன்னொரு கிரிப்டோ காயின்) 15,000 நட்டம். நிகர லாபம் 5,000தானே, அதுக்கு மட்டும் வரி கட்டினா போதுமா?

பதில் 1: போதாது. இந்தியாவுல ஒரு காயின் நட்டத்தை இன்னொரு காயின் லாபத்துல கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. 20,000க்கு முழுசா 30% வரி, அந்த வரிமேல 4% செஸ் (கூடுதல் வரி): 6,240 ரூபாய். 5,000 லாபத்துக்கு 6,240 வரி! எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விக்கிற தளம்) கமிஷனையும் கழிக்க விடமாட்டாங்க. கழிக்க முடியறது வாங்கின விலை மட்டும்தான்.

பதில் 2: விற்கும்போதே 1% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வரி), அதாவது 1,200 பிடிச்சிருப்பாங்க. அது உங்க 26ஏஎஸ்ல (பிடிச்ச வரியைக் காட்டுற வருமான வரிப் படிவம்) வந்திருக்கான்னு பாருங்க. வந்திருந்தா மீதி 5,040 கட்டினா சரி. வருமான வரிக் கணக்குக்கு ஐடிஆர்-1 படிவம் போடாதீங்க, அதுல விடிஏ (கிரிப்டோ மாதிரி டிஜிட்டல் சொத்து) அட்டவணையே கிடையாது. ஐடிஆர்-2ல வாங்கின தேதி, விற்ற தேதி, ரெண்டு விலையும் விற்பனை வாரியா கேட்கும். எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வாங்கி வித்த பட்டியலை (சிஎஸ்வி ஃபைல்) இப்பவே இறக்கி வச்சுக்கோங்க.

பதில் 3: தினசரி ட்ரேடிங் யோசனை இருந்தா கவனம். டிடிஎஸ் லாபத்துக்கு இல்ல, விற்ற மொத்தத் தொகைக்கு. விலை அசையாமலே 1 லட்சத்தை 50 தடவை வாங்கி வித்தா கையில சுமார் 60,500தான் சுழலும். மீதி ரீஃபண்ட் வரைக்கும் முடங்கிடும். பிட்காயினைக் கொடுத்து ஈதர் மாத்தினாலும் அது விற்பனைதான், ரூபாயே கைக்கு வராட்டியும். சொந்த வாலட்டுக்கு (காயின் வச்சுக்கிற டிஜிட்டல் பை) மாத்துறது மட்டும் விற்பனை ஆகாது.