பிளாக் செர்ரியைத் தொகுப்பில் காப்பது: கொட்டை முதல் பெயர்த்தகடு வரை

நாற்றுப் பண்ணையில் வாங்கித் தாவரவியல் தோட்டத்தின் மரத் தொகுப்பில் நட்ட பிளாக் செர்ரி எவ்வளவு செழித்தாலும் பாதுகாப்புக் கணக்கில் சேராது. எந்தக் காட்டில், எந்தத் தாய்மரத்தில் எடுத்த விதை என்பது பதிவில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. புரூனஸ் செரோட்டினா என்ற அறிவியல் பெயர் கொண்ட இந்த மரம் கனடாவின் நோவா ஸ்கோஷியா தொடங்கி ஃபுளோரிடா, டெக்சஸ் வரை பரவியிருக்கிறது. மெக்சிகோ, குவாத்தமாலா மலைகளில் துணையினமாகவும் வளர்கிறது. தச்சுவேலைக்குப் பேர்போன நெடுமரங்கள் பென்சில்வேனியாவை ஒட்டிய அலிகெனி பீடபூமியில் நிற்பவை. இத்தனை வேறுபாட்டையும் ‘செர்ரி, 1 மரம்’ என்று எழுதி மூடிவிடும் பதிவேடுகளைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை.

விதை எடுக்கப் போனால் ஒரே மரத்தில் கூடையை நிரப்பாதீர்கள். முடிந்தவரை 50 தாய்மரங்களை எட்டுங்கள். நெருங்கி நிற்கும் மரங்கள் உறவாக இருக்கக்கூடும், தள்ளித் தள்ளித் தேர்ந்தெடுங்கள். பழுத்திருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொட வேண்டாம். மரத்துக்கொரு பை, பைக்கொரு எண். கலந்துவிட்டால் பிரிக்க வழியே இல்லை. தோட்டத்து மரத்தடியில் பொறுக்கிய கொட்டையை அந்த மரத்தின் காட்டு வம்சம் என்று பதியவும் கூடாது. இந்த மரம் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. பக்கத்தில் நிற்கும் வேற்றிடத்து மரத்தின் மகரந்தம்தான் அதில் கலந்திருக்கும்.

*

எடுத்த பிறகு நடக்கும் வேலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், அதைச் சொல்கிறேன். பழம் நன்றாகக் கறுத்ததும் பறித்து, அன்றோ மறுநாளோ சதையைப் பிசைந்து கழுவிவிடுங்கள். குவியலாகக் கிடந்தால் சூடேறிப் புளித்துப் பருப்பு கெடும். தண்ணீரில் இட்டால் பொக்கு பெரும்பாலும் மிதக்கும், நல்லது அமிழும். அமிழ்ந்ததிலும் 20 கொட்டைகளை உடைத்துப் பாருங்கள். பருப்பு வெள்ளையாக, கெட்டியாக, ஓடு முழுவதையும் நிறைத்து இருக்க வேண்டும்.

விதை வங்கிக்குப் போவதை 15% ஈரப்பதமுள்ள காற்றில் உலர்த்திக் காற்றுப் புகாமல் அடைத்து −20° செல்சியஸில் வைக்கலாம். உலர்வைத் தாங்கும் விதை இது. விதைப்பதற்கானது என்றால், கொட்டை ஒரு பங்குக்கு ஈர மணலோ வெர்மிகுலைட்டோ (ஈரம் பிடிக்கும் இலேசான கனிமத் துகள்) மூன்று பங்கு கலந்து, 3 முதல் 5° குளிரில் சுமார் 120 நாள். கலவையைப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, சொட்டினால் அழுகும். பாதி நாளில் பொறுமை இழந்து எடுத்தால் முளைப்பு மிகக் குறையும். அடுத்த தவறு, குளிரிலிருந்து எடுத்ததை நேரே சூடான கண்ணாடி வீட்டில் வைப்பது. அந்தச் சூட்டில் விதை மறுபடி உறங்கிவிடும். மிதமான இடத்தில், 1 முதல் 1.5 செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். முளைக்காத தட்டை வீசாதீர்கள். இரண்டாம், மூன்றாம் வசந்தத்திலும் முளை வரும்.

தாய்மரத்தடி மண்ணை மட்டும் நாற்றுத் தட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அங்கே பெருகியிருக்கும் பித்தியம் என்னும் பூஞ்சை போன்ற கிருமி நாற்றை அடித்தண்டில் அழுகவைத்துச் சாய்த்துவிடும். காட்டிலேயே தாயின் நிழலில் கன்று தங்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

*

விதை சரி, மரம் பிளாக் செர்ரிதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். அதன் உறவு மரமான சோக்செர்ரியோடு அடிக்கடி குழம்புகிறார்கள். பிளாக் செர்ரி இலையைத் திருப்பினால் நடுநரம்பின் அடிப்பகுதியை ஒட்டித் துருநிற மயிர் தெரியும். ஓரப் பற்கள் உள்நோக்கி வளைந்து மழுங்கியிருக்கும். சோக்செர்ரியில் பற்கள் கூர்மையாக வெளியே நீட்டும். பழத்தின் காம்புப் பக்கம் புல்லி ஒட்டிக்கொண்டே இருப்பது பிளாக் செர்ரி. சோக்செர்ரியில் அது உதிர்ந்துவிடும்.

அதனால், தாளில் ஒட்டிச் சேமிக்கும் உலர்மாதிரிக்குப் பூ ஒரு தடவை, பழம் ஒரு தடவை, ஒரே எண்ணிட்ட மரத்தில் எடுக்க வேண்டும். தாளில் ஓர் இலையாவது கவிழ்த்து ஒட்டப்பட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் துருமயிரை யாரும் பார்க்க முடியாது. பழத்தைக் கிளையோடு அழுத்தினால் சாறு கசிந்து பூஞ்சணம் பிடிக்கும். சிலவற்றைத் தனியே உலர்த்தி உறையிலிட்டுத் தாளில் ஒட்டுங்கள். உறிஞ்சு தாளை முதல் நான்கு நாள் தினமும் மாற்றவும். உலர்ந்ததைப் பையில் கட்டி −20°-இல் ஒரு வாரம் வைத்தால் வண்டும் முட்டையும் சாகும். பை அறைச் சூட்டுக்கு வரும் முன் பிரித்தால் ஈரம் படியும்.

வெட்டிய கிளைகளை மேய்ச்சல் உள்ள இடத்தில் போட்டுவிட்டு வராதீர்கள். வாடிய இலையிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும், மாடு செத்துப்போகும்.

*

வளர்ந்த மரத்துக்குப் பெரிய தொல்லை கருமுடிச்சு நோய். கிளையில் கரியை உருட்டி ஒட்டியது போலிருக்கும். வசந்தத்தில் அந்த நோய்ப் பூஞ்சையின் வித்துகள் பறக்கும், அதற்கு முன்பே, மரம் உறங்கும் பின்பனியில், முடிச்சுக்குக் கீழே 10 செ.மீ. விட்டு வெட்டி எரித்துவிடுங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் வீக்கத்தைத் தாண்டி உள்ளே ஓடியிருக்கும். முடிச்சோடு ஒட்ட வெட்டினால் அதே இடத்தில் மறுபடி வரும். அதே சமயம் சிறுகிளைகளில் பளபளவென்று மோதிரம் போல் சுற்றியிருக்கும் கூடாரப் புழுவின் முட்டைகளையும் உருவி எடுத்துவிடலாம்.

பெயர்த்தகட்டைக் கம்பியால் இறுக்கிக் கட்டாதீர்கள். தண்டு பருக்கப் பருக்கக் கம்பி பட்டையை அறுக்கும், அந்தக் காயத்தில் பிசின் வடியும். சுருள்கம்பி வைத்து, வளர இடம் விட்டு மாட்டுங்கள். தகட்டில் பெயரைவிடச் சேர்க்கை எண் (தொகுப்பில் சேர்க்கும்போது தரும் பதிவெண்) முக்கியம். பெயர் மாறலாம், எண்ணைப் பிடித்தால் மூலம் கிடைக்கும்.

*

தாயகத்துக்கு வெளியே இதை வளர்க்கும் தொகுப்புகளுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. ஐரோப்பாவுக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே போன மரம் இது. மணற்பாங்கான மண்ணில் காடு வளர்க்க நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் ஏராளமாக நட்டார்கள். பறவைகள் கொட்டையைப் பரப்ப, கடைசியில் டச்சுக்காரர்கள் அதைக் காட்டுக் கொள்ளைநோய் என்றே அழைத்தார்கள். பிரான்சின் காம்பியேன் காட்டிலும் அதே கதிதான்.

அப்படிப்பட்ட இடத்தில் உயிர்மரம் தேவையா, உறைந்த விதை போதுமா என்று முதலில் யோசியுங்கள். மரம் வேண்டும் என்றால் பூங்கொத்துகளைக் காய்க்கும் முன் கிள்ளிவிட வேண்டும். எட்டாத உயரத்துக்கு வளர விடவும் கூடாது. நீக்க நினைத்து வெறுமனே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாய்த் துளிர்க்கும். நெதர்லாந்தில் வெட்டுமுகத்தில் வெள்ளியிலைப் பூஞ்சையைத் தடவிக் கட்டையை அழுகவைக்கும் முறை கையாளப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே பிளம், செர்ரி வளர்ப்பவர்கள் அதைச் செய்ய வேண்டாம். அந்த மரங்களையும் தாக்கும் பூஞ்சை அது. அவர்கள் வேரோடு தோண்டுவதே மேல். தோண்டிய இடத்தில் அடுத்த சில வசந்தங்களுக்கு நாற்று முளைக்கிறதா என்று பார்த்து, கையால் பிடுங்கிவிடுங்கள்.