மேடை நாடகத்தில் இயக்குநரின் தரத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வி:
போன வாரம் ஒரு நாடகம் பார்த்தேன். நடிப்பு பிரமாதம், ஆனால் வெளியே வந்த பிறகு இதில் இயக்குநர் என்ன செய்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிரதி, நடிகர், ஒளி எல்லாவற்றையும் கழித்துவிட்டு அவருடைய பங்கை எப்படிப் பார்ப்பது?

பதில் 1:
பேசாமல் நிற்கும் நடிகரைப் பாருங்கள். அவர் எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்கிறாரா, இல்லை தன் வசனத்துக்காகக் காத்திருக்கிறாரா என்பதிலேயே ஒத்திகையின் தரம் தெரிந்துவிடும். அப்புறம், காட்சி மாறும் அந்தச் சில நொடிகள். அங்கே தொய்வு விழுந்தால் அது இயக்குநர் கணக்குதான்.

பதில் 2:
ஒரே பிரதியை வேறு வேறு ஆட்கள் செய்ததை ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். பிரிட்டிஷ் இயக்குநர் பீட்டர் புரூக் 1970-இல் ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தைச் செய்தபோது கதை பெரும்பாலும் நடக்கும் காட்டையே எடுத்துவிட்டு மேடையை வெள்ளைப் பெட்டியாக்கினார், தேவதைகளின் அரசன் ஓபரானும் அவன் ஏவலாள் பக்கும் சர்க்கஸ் ஊஞ்சலில் இருந்தார்கள், மந்திரப் பூ என்பது குச்சியில் சுழலும் ஒரு தட்டு. வசனம் ஷேக்ஸ்பியருடையது. மந்திரத்தை நடிகரின் உடலில் காட்டலாம் என்ற முடிவு புரூக்குடையது.

கேள்வி கேட்டவர்:
சரி, அப்படிப் புதுமை இல்லாவிட்டால் மோசமான இயக்கமா?

பதில் 1:
இல்லவே இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். யார் யாருக்குப் பயப்படுகிறார் என்பது அவர்கள் நிற்கும் இடத்திலேயே அங்கே வரை புரிந்தால், எனக்கு அது நல்ல இயக்கம்.