அட, இவங்க யூதரா?

மாட்டுங்காவாசி:
ஊரடங்கில் அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று பழைய இந்திப் படங்களாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் 'ஸ்ரீ 420'. சிகரெட் ஹோல்டரோடு நாதிரா வந்ததும், "இந்தம்மா பார்சிதானே?" என்றார் அப்பா. ஆங்கிலோ இந்தியன் என்றாள் அம்மா. தேடினால் இரண்டும் இல்லை. பாக்தாதி யூதக் குடும்பம் (ஈராக் பக்கமிருந்து வந்தவர்கள்), இயற்பெயர் ஃப்ளாரன்ஸ் எசக்கியேல். தமிழிலும் டப்பிங்காகி வந்த 'ஆன்' படத்து இளவரசி இவர்தான்.

அப்புறம் தூக்கம் எங்கே வரும்? ஊமைப்பட ராணி சுலோசனாவின் நிஜப்பெயர் ரூபி மயர்ஸ். டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர், 1973ஆம் ஆண்டுக்கான பால்கே விருது பெற்றவர். 1947இல் மிஸ் இந்தியா பட்டம் வென்ற பிரமிளா, எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம். கௌரவமான வீட்டுப் பெண் கேமரா முன் நிற்கக் கூடாது என்றிருந்த காலத்தில் துணிந்து வந்தவர்கள் இவர்கள். பெயரைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

தாணே லோக்கல்:
எனக்கு நடந்தது வேறு மாதிரி. தொண்ணூறுகளில் தாணேயில் முதல் வேலை. சீனியர் அக்கவுண்டன்ட் ஒருவர், குடும்பப்பெயர் 'கர்' என்று முடியும், வாயைத் திறந்தால் மராத்தி. மராட்டியர் என்றே நினைத்திருந்தேன். சனிக்கிழமை அரைநாள் வேலைக்கு மட்டும் வரமாட்டார். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்பார்.

ஒருமுறை வீட்டுக்கு அழைத்தார். வாசல் நிலையில், வலது பக்கம், தோள் உயரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு உலோகக் குப்பி சாய்வாகப் பதித்திருந்தது. அதைத் தொட்டு விரலை முத்தமிட்டுவிட்டு உள்ளே போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே தட்டில் மலிதா: நனைத்த அவலில் தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், சுற்றிலும் பழத்துண்டுகள். எலியா தீர்க்கதரிசியின் பெயரில் படைப்பதாம். கோகுலாஷ்டமிக்கு எங்கள் வீட்டில் செய்வதற்கும் இதற்கும் ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை!

டிவியில் 'பூட் பாலிஷ்' ஓடிக்கொண்டிருந்தது. ஜான் சாச்சாவாக நடிகர் டேவிட் வந்ததும் சீனியரின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆப்லா மாணூஸ்" என்றார். நம்ம ஆளு. நான் சும்மா இருந்திருக்கலாம். "டேவிட் கிறிஸ்டியன் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். பாட்டி கோபப்படவில்லை. முழுப்பெயர் டேவிட் ஆபிரகாம் சேவுல்கர் என்றார். சேவுல் கொங்கணக் கரையில் ஒரு ஊர். பெனே இஸ்ரேல் யூதர்கள் ஊர்ப்பெயரோடு 'கர்' சேர்த்துக்கொள்வார்களாம். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள், சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், வெள்ளி பொழுது சாய்ந்ததும் தொடங்கிவிடும். அன்று செக்கு ஓட்டாததால் 'சனிவார் தேலி' (சனிக்கிழமை எண்ணெய்க்காரர்) என்றே பெயர். வாசல் குப்பி, வேத வசனச் சுருள் வைத்த மெசூசாவாம். சம்பளப் பிடித்தத்தின் கதையும் எனக்கு அன்றுதான் விளங்கியது.

குளிர்தேசத்தான்:
நியூஜெர்சியில் என் டீம் லீட் ஒரு யூதப் பெண். அவளுடைய பாட்டிக்கு எந்தப் படம் பார்த்தாலும் இதே ஆராய்ச்சிதானாம். ஹாலிவுட் நடிகர் கிர்க் டக்ளஸ் என்றால், "இஸ்ஸூர் டேனியலோவிச் என்று சொல்லு" என்று திருத்துவாராம். கேட்கச் சிரிப்பாக இருந்தது. ஆனால் இணையத்தில் இதே பட்டியலை விஷத்தோடு போடுகிறவர்களும் உண்டு, அதனால் முன்பின் தெரியாதவர்கள் கேட்டால் வயிறு கலங்கும் என்றாள். அன்றிலிருந்து நானாக யாரிடமும் கேட்பதில்லை.

வடைசட்டி:
நம்மூரில் புது ஹீரோ வந்தால் "அவங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறோமே, அதன் ஒன்றுவிட்ட தம்பிதான் இது. என் அத்தை கேட்காத நடிகர் பாக்கியில்லை.

மாட்டுங்காவாசி:
வடைசட்டி, சுருக்கென்று குத்திவிட்டீர்கள். அப்பாவின் அடுத்த கேள்வி 'நுக்கட்' டிவி தொடரில் நடித்த ஹைதர் அலியைப் பற்றி. பிரமிளாவின் மகன். அவருடைய அப்பா முஸ்லிம், யூத மரபிலோ தாய் யூதரென்றால் பிள்ளையும் யூதர். "அப்போ எந்தக் கணக்கில் சேர்ப்பது?" என்கிறார் அப்பா. ஏன் சேர்க்க வேண்டும் என்று அம்மா கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. தாணே லோக்கல், உங்கள் சீனியர் இப்போது எங்கே?

தாணே லோக்கல்:
இஸ்ரேலில், அஷ்தோதில், மகனோடு. போன மாதம் போன் செய்தேன். மலிதாவுக்கு அங்கே நல்ல அவல் கிடைப்பதில்லை என்று ஆரம்பித்தார். மெல்லிசா கெட்டியா என்று கேட்பதற்குள், "வெள்ளிக்கிழமை, பொழுது சாயுது" என்று வைத்துவிட்டார்.