மறு: "இனவழி இயக்கவியல்" பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கிருமிகளின் மரபணு மாற்றங்களைக் கொண்டு அவற்றின் கால்வழியை வரைந்து, நோய் பரவும் விதத்தைப் படிக்கும் துறை ஃபைலோடைனமிக்ஸ். அதற்குத் தமிழில் "இனவழி இயக்கவியல்" என்று இங்கே ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். அதன் இரண்டு பாதிகளுமே எனக்கு உறுத்துகின்றன.

முதலில் "இனம்". சியரா லியோனில் 2014இல் 78 நோயாளிகளிடமிருந்து 99 எபோலா மரபணுத்தொகுதிகளைப் படித்தார்கள். அத்தனையும் ஒரே கிருமி இனம்தான், இனம் விட்டு இனம் போகும் வழி அங்கே இல்லை. சில வாரங்களுக்குள் மரபணுவின் எழுத்து எழுத்தாக மாறிய கால்வழிகளைத்தான் அவர்கள் பின்தொடர்ந்தார்கள். கிருமி விலங்கிலிருந்து மறுபடி மறுபடி தாவவில்லை, மனிதரிடமிருந்து மனிதருக்கே போகிறது என்று அந்த மாற்றங்களை வைத்தே சொல்ல முடிந்தது. கட்டுரை அச்சேறும் முன்பே அதன் ஆசிரியர்களில் ஐவர் எபோலாவுக்குப் பலியானார்கள். அவர்கள் செய்த வேலைக்குத் தமிழில் வைக்கும் பெயர் மங்கலாக இருக்கக்கூடாது என்பதே என் ஆதங்கம்.

நம்மிடம் "கொடிவழி" இருக்கிறது. தாத்தா, பாட்டன், பூட்டன் என்று குடும்பத்தை வரைந்து காட்டுவதற்கு வழங்கும் சொல். "தொப்புள்கொடி உறவு" என்கிறோமே, அந்தக் கொடிதான். வடிவமும் ஒத்துவருகிறது. எச்3என்2 காய்ச்சல் கிருமியின் வழியை வரைந்தால் மெல்லிய ஒற்றைத் தண்டுதான் நீளும். பக்கக் கிளைகள் சில ஆண்டுகளில் பட்டுப்போகும். நம் உடலின் எதிர்ப்பாற்றலுக்குத் தப்பியதே தண்டாகத் தொடர்கிறது. தட்டம்மையின் படம் வேறு. அதில் பல கிளைகள் ஒருசேரப் பிழைத்திருக்கும். வடிவத்திலிருந்து பரவலைப் படிப்பதுதான் இத்துறை. 2004இல் கிரென்ஃபெல் குழுவினர் சயன்ஸ் இதழில் ஃபைலோடைனமிக்ஸ் என்ற சொல்லை முன்வைத்தபோது காட்டியதும் இந்த வேறுபாட்டைத்தான்.

அடுத்து "இயக்கவியல்". பள்ளிப் பாடத்தில் அது விசையும் முடுக்கமும். அரசியல் நூல்களில் மார்க்சிய முரணியக்கம். இங்கே இயங்குவது நோய்ப்பரவல் என்பதால் "கொடிவழிப் பரவலியல்" என்கிறேன். ஆய்வாளரைக் "கொடிவழிப் பரவலியலர்" எனலாம்.

புள்ளியியலில் "இயல்நிலைப் பரவல்" இருக்கிறதே, குழம்பாதா என்று தோழர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. "படர்வியல்" என்று மாற்றிப் பார்த்தேன். கொடி படரும், காதுக்கும் இனிது. ஆனால் "நோய்ப்பரவலியல்" ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. இரண்டும் உறவுத்துறைகள் என்பது பெயரிலேயே தெரியட்டும். இனிமையை விட்டுக்கொடுக்கிறேன்.

மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள் வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.