மறு: வைஃபை ரிப்பீட்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். ரிப்பீட்டர், எக்ஸ்டெண்டர் என்று இரண்டு பெயரிலும் நாம் பேசுவது ஒரே பெட்டியைத்தான், ரவுட்டரின் வைஃபை அலையை வாங்கித் திருப்பிப் பரப்புவது.

> எக்ஸ்டெண்டர் என்றால் நீட்டிப்பது, ஆகவே 'நீட்டிப்பி' போதும்.

போதாது என்பேன். கொடைக்கானலில் வீடுகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் வைஃபை போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எக்ஸ்டெண்டர் என்ற பெயரை நம்பி வாங்குபவர்கள் அதை எங்கே கொண்டுபோய் மாட்டுகிறார்கள் தெரியுமா, சிக்னலே வராத கடைசி அறையில்! பழைய பங்களாக்களில் சுவர் கருங்கல், சில இடங்களில் ஒன்றரை அடி கனம், அதைத் தாண்டி ரவுட்டரின் அலை அரைகுறையாகத்தான் உள்ளே வரும், அந்த அரைகுறையைத்தான் இந்தப் பெட்டி வாங்கித் திருப்பிப் பரப்பும். போனில் பார்த்தால் சிக்னல் கட்டம் நிறைந்திருக்கும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். கட்டம் காட்டுவது போனுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள அலையின் வலுவை. பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் என்ன கதி என்பது அதில் தெரியாது. உடனே பழி பனிமூட்டத்தின் மேல் விழும். (வீட்டுக்குள் இருக்கிற தூரத்துக்கு மூடுபனி ஒன்றும் செய்யாது. கல்சுவரும் தகரக் கூரையும்தான் வில்லன்.)

ஆக, அந்தப் பெட்டி எதையும் நீட்டுவதில்லை. கேட்டதை மறுபடி சொல்கிறது, அவ்வளவுதான். ஒரே ரேடியோ (அலையை வாங்கி அனுப்பும் உறுப்பு) உள்ள மலிவு மாடல்களில் கேட்பதும் சொல்வதும் ஒரே சேனலில் மாறி மாறி நடப்பதால் வேகமும் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

> வானொலியில் 'அஞ்சல் செய்கிறோம்' என்பார்களே, 'அலையஞ்சல்' என்றால் என்ன?

வேறு நிலையத்தின் நிகழ்ச்சியை வாங்கிப் பரப்புவதை அங்கே அப்படிச் சொல்வார்கள், எனக்கும் ஆசைதான். கோடைப் பண்பலை கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆனால் மின்னஞ்சல், குரலஞ்சல் எல்லாம் வந்தபிறகு அஞ்சல் என்றால் கடிதம் என்றே ஆகிவிட்டது. 'மறுபரப்பி'யும் சரிவராது, மறு ஒளிபரப்பு என்றால் நேற்றுப் போட்ட நாடகத்தை இன்று போடுவது.

என் பரிந்துரை 'இடைப்பரப்பி'. மாட்ட வேண்டிய இடத்தைப் பெயரே சொல்லிவிடும்: ரவுட்டருக்கும் சிக்னல் வராத அறைக்கும் இடையில், ரவுட்டரின் அலை இன்னும் நன்றாக எட்டுகிற இடத்தில். வைஃபை அலைப்பட்டைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் கல்சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதனால் அந்த இடம் எது என்பது சுவரையும் பட்டையையும் பொறுத்து மாறும், சரி, அது வேலை செய்பவர் பாடு. இடை என்றால் இடுப்பு நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இடைத்தேர்தலிலும் இடைவேளையிலும் வராத இடுப்பு இதில் மட்டும் ஏன் வரப்போகிறது?

ஒன்று மட்டும், கேபிள் இழுத்துப் போடும் அணுகுபுள்ளியை (ஆக்சஸ் பாயிண்ட்) இந்தச் சொல்லுக்குள் அடைக்க வேண்டாம். அது ரவுட்டரிடமிருந்து கம்பி வழியாக வாங்குவதால் கடைசி அறையிலேயே மாட்டலாம், வேகம் பாதியாகாது. கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், நாமும் அப்படிச் செய்தால் கலைச்சொல் எதற்கு?

பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ்ஷுக்குத் தனி இழை தொடங்கலாம், அதில் ஒவ்வொரு பெட்டியையும் 'கணு' என்பதில் எனக்கு மறுப்பில்லை. அப்புறம், இலங்கை நண்பர்கள் அங்கே கடைகளில் ரிப்பீட்டரை என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள், இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றுவதற்கு முன் அதையும் பார்த்துவிடலாம்.